மதிலில் ஒரு முகம் மட்டும் பாக்கி

விடிந்ததும் விடியாததுமாக நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னிக்கு எங்கண்ணன் முகத்தை வரையணுமாம். ஓவியர் போட்டோ கேட்டு ஆள் மேல ஆள் அனுப்புறார். என்னத்தைக் கொடுக்க? ஒண்ணு விடாம கொளுத்தினீங்களே அண்ணி... உங்களுக்கு அவர் என்ன பாவம் பண்ணினார்!"

அவள் டீயை ஆற்றி நாத்தனாரிடம் நீட்டினாள். ஆஸ்பத்திரியில் தங்கள் ஜனங்களுக்கு மட்டும் பின்வாசல் என்ற அநியாயத்தை எதிர்த்துப் போராடி, லாக்கப்பில் உயிரை விட்டவர் அவள் புருஷன். இன்று அதே ஆஸ்பத்திரி மதிலில், போராடியவர்களின் படங்களை ஊரே சேர்ந்து தீட்டுகிறது. அவருக்கு மட்டும் தோளுக்கு மேலே வெறும் சுண்ணாம்பு. பழைய கூட்டாளிகள் ஆளுக்கொரு அடையாளம் சொல்லிக் குழப்பியதுதான் மிச்சம்.

"எனக்கு அப்பா முகமே தெரியாதும்மா," என்றாள் மகள். "அவர் கூட சண்டை போட்டுட்டு, அந்தக் கோபத்துல எரிச்சியாமே... அத்தை சொன்னாங்க. ஒண்ணே ஒண்ணு விட்டு வெச்சிருக்கக் கூடாதா?"

அவள் டீ டம்ளர்களை எடுத்துக் கழுவப் போனாள். இத்தனை வருஷம் மென்று முழுங்கியது இன்றைக்கா வெளியே வந்துவிடும்!

மதிலடியில் கூட்டத்துக்கு நடுவிலேயே நாத்தனார் கை நீட்டினாள். "இதோ, இவங்கதான் எரிச்சவங்க!"

சாரத்தின் மேல் வண்ணம் பூசிக்கொண்டிருந்த ஆம்புலன்ஸ் டிரைவர், புருஷனின் கூட்டாளி, தடதடவென்று இறங்கி வந்தார்.

"வாயை மூடும்மா! அந்தப் படங்கள்ல அவன் தனியாவா நின்னான்? நாங்க அத்தனை பேரும் கூட நின்னோம். போலீஸ் தெருமுனைக்கு வந்ததுமே இந்தத் தங்கச்சி எல்லாத்தையும் அடுப்புல போட்டுச்சு. ஒண்ணு சிக்கியிருந்தாலும் நாங்க யாரும் இன்னிக்கு இல்ல! எங்க மேல இருந்த வழக்கு முடியற வரைக்கும் மூச்சு விடாதேன்னு நாங்கதான் சத்தியம் வாங்கினோம். முடிஞ்சப்புறமும் ஒரு பய வந்து உங்ககிட்ட சொல்லலையே... பாவிங்க நாங்க!"

"அண்ணி..." நாத்தனார் அப்படியே அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா! என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா!" மகள் கட்டிக்கொண்டு கதறினாள்.

ஓவியரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போட்டோ வேணாம்மா. நீங்க சொல்லுங்க, சொல்லச் சொல்ல வரையறேன். நெத்தி எப்படி இருக்கும்?"

அவள் கண்ணை மூடினாள். அவர் இருமல் வந்தது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளைக் கூப்பிடும் குரல் வந்தது. சட்டை வந்தது, செருப்புகூட வந்தது. அதற்கு மேலே அடுப்பில் சுருண்டு கருகிய காகிதம்தான் வந்தது.

"வரலையேடி..." மகளின் தோளை இறுகப் பற்றினாள். "அவர் முகம் எனக்கே வரலையேடி!"