ஒக்ஸ்போர்ட் வீதியில் ஒரு தாலிக்கொடி

"தாலிக்கொடியை எங்க வைச்சிருக்கிறீங்கள் தங்கச்சி?"

நேற்று லண்டன் நோர்பரியில் வசந்தமலரின் வீட்டில் தேத்தண்ணி குடித்தபடி பாலேந்திரா கேட்ட கேள்வி.

அவள் கணவனின் சிநேகிதன். லண்டனுக்குப் புதிதாக வருகிறவர்களைக் கடைவீதி காட்டக் கூட்டிப்போகும் தாராள மனசுக்காரன்!

"வீட்டில வைச்சா கள்ளர் பயம் அண்ணை. போற இடமெல்லாம் கொண்டு திரியிறன். கைப்பையில இருக்கிற மிளகாய்த்தூள் தகரப் பேணிக்குள்ள தாட்டு வைச்சிருக்கிறன்," என்றாள் வசந்தமலர்.

இன்று...

1991 ஜனவரி. ஒக்ஸ்போர்ட் வீதியில் மலிவு விற்பனை. சனம்... சனம்... சனம்!

வசந்தமலரும் பக்கத்து வீட்டு பெர்னடெற்றும் பாலேந்திராவோடு ரீஜன்ட் வீதி முழுவதையும் கண்ணாலேயே வாங்கி முடித்து, இங்கே ஒரு கோட்டுக் கடை வாசலில் நின்றார்கள்.

"பையைத் தாங்கோ தங்கச்சி. உள்ளுக்க நெரிசல். நான் வெளியில வைச்சுக்கொண்டு நிக்கிறன்," என்றான் பாலேந்திரா.

வசந்தமலர் கைப்பையைக் கொடுத்தாள்.

இருவரும் கடைக்குள் போய்த் திரும்பி வந்தபோது...

"ஐயோ தங்கச்சி! ஒரு கறுப்புக் கோட்டுக்காரன் பையைப் பறிச்சுக்கொண்டு ஓடிட்டான்!"

அவன் கண்களிலிருந்து நீர் கொட்டியது!

"ஏன் அண்ணை அழுறீங்கள்?"

"உங்கட தாலிக்கொடியை நினைக்க... தாங்க ஏலாமக் கிடக்கு... ஹச்!"

"மூக்குமோ அழுகுது?" என்றாள் பெர்னடெற்.

"குளிர்... ஹச்... ஹச்!"

"கையைக் காட்டுங்கோ பாப்பம்."

"எ... ஏன்?"

பெர்னடெற் லபக்கென்று அவன் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

நகக்கண் ஒவ்வொன்றிலும் யாழ்ப்பாணத்துச் சிவப்பு!

"பறிச்சது கறுப்புக் கோட்டுக்காரன். தூளைக் கிண்டினது நீங்களோ?"

பாலேந்திரா கையை வெடுக்கென இழுத்துக்கொண்டான்.

"முந்தநாள் மோர்டனில இருக்கிற சிவகௌரியைக் கடை காட்டக் கூட்டிக்கொண்டு போனதும் நீங்கள்தான். அவவின்ர ரெண்டு தங்கக் காப்பும் துலைஞ்சதும் அப்பதான்," என்றாள் வசந்தமலர். "அதுதான் நேற்று நீங்கள் கேட்ட உடன ஒரு பொய் சொன்னனான். பேணிக்குள்ள வெறும் தூள்தான்."

கழுத்துச் சால்வையை விலக்கினாள்.

தாலிக்கொடி பளீரென்றது!

"கலியாண வீட்டுக்கு மட்டும்தான் எங்கட பெண்டுகள் கொடி போடுவினம் எண்டு நினைச்சிட்டீங்கள். ஒக்ஸ்போர்ட் வீதிக்கும் போடலாம் அண்ணை!"

எதிரே ஒரு பொலிஸ்காரன் வந்துகொண்டிருந்தான்.

"கூப்பிடட்டோ? இல்லாட்டிக் காப்பு வருமோ?" என்றாள் பெர்னடெற்.

பாலேந்திராவின் கை கோட்டுப் பைக்குள் போனது. இரண்டு காப்புகளோடு திரும்பி வந்தது. வசந்தமலரின் உள்ளங்கையில் அவற்றை வைத்தான்.

"கண்ணைக் கசக்காதேங்கோ அண்ணை. அது நல்லா வறுத்த தூள்!"

பாலேந்திரா ஒரு வார்த்தையும் பேசாமல் நடந்தான்.

தும்மல் மட்டும் பொண்ட் வீதி வரை பேசிக்கொண்டே போனது!