புலிமலைத் தோட்டத்து மணி

"அந்த மணியக் கொண்டாந்து கட்டு, அப்புறம் உங்க வீட்டு உபயத்தப் பத்திப் பேசுவோம்!"

கோயில் தலைவர் இப்படிச் சொன்னதும் கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். தவமலருக்கு ரத்தம் கொதித்தது. கும்பாபிஷேகத்துக்கு இன்னும் பத்தே நாள்.

"கொண்டாறேன்!" என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் யோசித்தாள். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன் காணாமல் போன மணியை எங்கே போய்த் தேடுவது?

அவள் தாத்தா அங்கமுத்து பதினேழு வயதில் தன்னந்தனியாக நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர். புலிமலை ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. ஜப்பான்காரன் காலத்தில் ஒருநாள் அங்கிருந்த முனியாண்டி கோயிலின் வெண்கல மணி மாயமானது. மறுநாள் அங்கமுத்துவும் மாயம். 'வித்துட்டு ஓடிட்டான்' என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. பிறகு தோட்டம் காடாகிப்போனது. சனங்கள் பட்டணத்துக்கு வந்து புதுக் கோயில் கட்டினார்கள். 'மணிக்கள்ளன் குடும்பம்' என்ற பட்டத்தையும் மறக்காமல் மூட்டை கட்டிக் கொண்டுவந்தார்கள், புண்ணியவான்கள்! மணி காணாமல் போனபோது மூன்று வயதுப் பிள்ளையாக இருந்த அவள் அப்பா துரைக்கண்ணு இன்றுவரை அந்தக் கோயில் வாசலை மிதித்ததில்லை.

தவமலர் சும்மா இருக்கவில்லை. இந்தக் கூட்டத்துக்கு முன்பே இரண்டு வருஷமாகப் பழைய காகிதங்களைக் கிளறியிருந்தாள். தோட்டத்துப் பெயர்ப் பதிவேட்டில் கிடைத்தது: அங்கமுத்து, எண் 47. ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதைக்குக் கூலிகளாகப் பிடித்துப் போனவர்களின் பட்டியலிலும் அதே பெயர், அதே எண், மணி காணாமல் போன அதே வாரம்! ஆள் ஓடவில்லை. லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள், திரும்பி வரவேயில்லை.

"சரிம்மா, மணி எங்க?" என்றுதான் அன்று கூட்டத்திலும் கேட்டார் தலைவர்.

கையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு புகைப்படம். தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி வீட்டுப் பெட்டியில் கிடைத்த, போருக்கு முந்தைய கோயில் படம். தாத்தா மணியை விற்கவில்லையென்றால் அது பழைய கோயில் பக்கம்தான் இருக்கும் என்று, படத்தை நெகிழித்தாளில் சுற்றிக்கொண்டு புலிமலைக் காட்டுக்குக் கிளம்பிவிட்டாள். கூடவே சித்தப்பா மகன் சிவநேசன். வழிகாட்ட அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த ஓராங் அஸ்லிப் பழங்குடிக்காரர் அலாங்; தோட்டங்களில் வேலை செய்து நன்றாகத் தமிழ் பேசுவார்.

முதல் நாளே ஆறு மிரட்டியது. இடுப்பளவு தண்ணீர் கண்மூடித் திறப்பதற்குள் மார்பளவு ஏறியது!

"கயித்த விடாத தங்கச்சி! விடாத!" அலாங் கத்தினார். சிவநேசனின் பையை ஆறு அடித்துக்கொண்டு போனது. அதில்தான் சோறு.

"போச்சு லா! இனிமே அட்டைதான் நம்மளத் தின்னும், நாம எதத் தின்றது?" என்றான் சிவநேசன்.

அலாங் தோண்டிக் கொடுத்த மரவள்ளிக்கிழங்கு உயிரைக் காப்பாற்றியது. மறுநாள் நடுப்பகலில் அலாங் கத்தியால் ஒரு புதரை வெட்டித் தள்ள, பின்னால் முனியாண்டிக் கல் நின்றது! வலப்புறம் இருபதடி தள்ளி, ஒரு மரத்தடியில் துருப்பிடித்த சூலம்.

மூவரும் கல்லைச் சுற்றித் தோண்டினார்கள். ஒன்றுமில்லை. சிவநேசன் சோர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

தவமலர் படத்தை எடுத்துப் பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி பார்த்தாள்.

"டேய், படத்துல சூலம் கல்லுக்கு இடது பக்கம் இருக்கு!"

"அதுக்கு?"

"நட்ட சூலத்த யாராச்சும் நகத்துவாங்களா?"

சிவநேசன் எழுந்து சூலத்தைப் பார்த்தான். நகர்த்த மாட்டார்கள், தொடவே பயப்படுவார்கள். ஒளித்த பொருளின் மேல் சூலத்தைப் பிடுங்கி நட்டுவிட்டால் எவன் அங்கே மண்வெட்டி வைப்பான்?

"வேணாம்கா! முனியாண்டி விஷயம், விளையாடாத!"

அவள் சூலத்தின் முன் மண்டியிட்டாள். "ஐயா, எங்க தாத்தா பேர காப்பாத்தத்தான் வந்திருக்கோம். கோச்சுக்காத" என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டு சூலத்தை இரு கையாலும் பிடித்து இழுத்தாள்.

மூன்றடி ஆழத்தில் மண்வெட்டி மெத்தென்று எதிலோ பட்டது. ரப்பர் ஷீட்! ஒன்றன்மேல் ஒன்றாக எட்டுச் சுற்று. பிரித்தால், உள்ளே மணி! ஓசை வராதபடி மணியின் நாக்கைத் தலைத்துண்டால் இறுகக் கட்டியிருந்தது. அதில் செருகியிருந்த பால்வெட்டுக் கத்தியின் பிடியில் சுட்டுப் பொறித்த எண்: 47.

"வெண்கலம் பூரா சப்பான்காரன் புடுங்கிட்டுப் போனான்னு எங்க அப்பா சொல்லுவாரு" என்றார் அலாங் மெதுவாக.

"அவனுக்குப் பயந்துதான் ஒளிச்சு வச்சிருக்காரு" என்றாள் தவமலர்.

"யாருகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே!" என்றான் சிவநேசன்.

"சொல்ல நேரம் குடுத்தானுங்களா? விடிஞ்சதும் லாரியில ஏத்திட்டானுங்க." அவள் கத்திப் பிடியைத் தடவினாள். "என்ன மனுஷன்டா நம்ம தாத்தா!"

சிவநேசன் முடிச்சில் கை வைத்தான். "தொடாத! அது நம்ம வேலை இல்ல" என்று தடுத்துவிட்டாள்.

கம்பில் கட்டித் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து வந்தார்கள். ஒன்பதாம் நாள் காலை கோயில் வாசலில் மணி இறங்கியது. தலைவர் கத்திப் பிடியிலிருந்த எண்ணைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தெருவிலேயே நின்ற தவமலரின் அப்பாவைக் கூப்பிட்டார்.

"துரைக்கண்ணு, உள்ள வாப்பா. தெரியாமப் பேசிட்டோம். நாங்களும் விசாரிச்சிருக்கணும்."

நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக அந்த வாசலைத் தாண்டினார் துரைக்கண்ணு. முடிச்சு இறுகிக் கிடந்தது. யாரோ கத்தரிக்கோல் நீட்டினார்கள். வேண்டாம் என்று தலையசைத்தார். அப்பா போட்ட முடிச்சை நகத்தால், பல்லால், கால்மணி நேரம் பொறுமையாக அவிழ்த்தார். துண்டை உதறித் தன் தலையில் கட்டிக்கொண்டார்.

பிறகு மணியை அடித்தார்.