நிறம் போன வேர்

மழை விட்டதும் செர்வா வந்தாள். கானா நாட்டுக் குமாசி நகர ஆய்வுக்கூடத்தில் மூலிகை வேர்களைச் சோதிப்பவள். ஒரு வேர்த்துண்டை மேசையில் போட்டுவிட்டு, ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் அஜெக்குமின் எதிரே உட்கார்ந்தாள்.

"போன மாசம் இந்த வேர்ச்சாறு கிண்ணத்துல இருந்த மலேரியாக் கிருமியை ஒழிச்சுக் கட்டுச்சு ஐயா. சீழ்க் கிருமியும் கிட்ட வரலை. இந்தத் தடவை ரெண்டும் கொழுகொழுன்னு வளருது. என் உதவியாள் டார்கோ அசலை வித்துட்டு வேற எதையோ வச்சுட்டான்னு மேலிடம் சொல்லுது. சாயங்காலம் அவன் சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

"அவனேதான்!" என்றார் பக்கத்தில் இருந்த நண்பர் ஓபெங். லாரி ஓட்டி ஓய்ந்தவர். அஜெக்குமின் வழக்கு எதுவானாலும் முதல் ஆளாக யாரையாவது சிறைக்கு அனுப்பிவிடுவார்.

அஜெக்கும் வேரை விரலால் தேய்த்தார். அசல் வேரின் மஞ்சள் விரலில் ஒட்டவில்லை. முகர்ந்தார். கஷாயத்தில் கசப்பு தெரியாமல் இருக்கப் போடும் பிரெக்கெசேக் காயின் இனிப்பு வாசம் லேசாக வந்தது. அவர் மனைவி இருந்தவரை மழைக்காலம் முழுக்க அடுப்பில் இந்த வேர் கொதிக்கும். காய் சேர்க்கவே மாட்டாள். கசந்தால்தான் மருந்து என்பாள். அவர் ஓடுவார், அவள் குவளையோடு துரத்துவாள். இப்போது துரத்த ஆளில்லை.

"ஏமாத்துறவன் அசல் மாதிரி மஞ்சளாத்தானே வைப்பான் ஓபெங்?"

"அவன் முட்டாளா இருந்தா அண்ணே?"

"முட்டாளுக்குப் பிரெக்கெசே எதுக்கு? வேரை எங்கம்மா காய வச்சீங்க?"

"எங்க வீட்டு முற்றத்துல. ஆய்வுக்கூடக் கூரை ஒழுகுது. பாயிலேர்ந்து நானே அள்ளி டார்கோகிட்ட கொடுத்தேன்."

"வீட்டுல யாருக்காவது காய்ச்சலா?"

"அப்பாவுக்கு இருந்துச்சு. மாத்திரை கொடுத்தேன்."

"பிரெக்கெசே போட்டு யாரும்மா காய்ச்சுவாங்க?"

"அம்மா. போன வருஷம் போயிட்டாங்க."

மூவரும் செர்வாவின் வீட்டுக்குப் போனபோது, அவளுடைய அப்பா முற்றத்தில் வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"மாத்திரை எங்க ஐயா?" என்று அஜெக்கும் சாதாரணமாகக் கேட்டார்.

பெரியவர் அசடு வழிந்தார். "தலையணைக்கு அடியில. கோவிச்சுக்காதே அம்மாடி. உன் ரெண்டு கட்டுல ஒண்ணை எடுத்து உங்கம்மா மாதிரியே காய்ச்சி, தினமும் சூடு பண்ணிக் குடிக்கிறேன். அந்த வாசம் வந்தா அவ அடுப்படியில நிக்கிற மாதிரி இருக்கு."

"காய்ச்சினதைத் தூக்கிப் போட்டிருக்கலாமே அப்பா!"

"ஒரே கொதியில எறியுறதா? மூணு கொதி வராம உங்கம்மா எறிஞ்சதுண்டா? அடுத்த கொதிக்குன்னு பாயில காய வச்சேன். மழை மூட்டம் போட்டுச்சு. வெந்தது நனைஞ்சா என்னன்னு விட்டுட்டு, காய்ச்சாத உன் இன்னொரு கட்டை மட்டும் பரண்ல ஏத்திட்டேன்."

"சத்து பானைக்குப் போச்சு, சக்கை கிண்ணத்துக்கு வந்துச்சு," என்றார் அஜெக்கும். "அதான் நிறமும் இல்லை, வேலையும் செய்யலை. நீங்க பாயிலேர்ந்து அள்ளிக் கொடுத்ததைத்தான் டார்கோ அரைச்சிருக்கான்."

ஓபெங் பரணிலிருந்து கட்டை இறக்கினார். விரலெல்லாம் மஞ்சள். "டார்கோ தங்கமான பையன்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

செர்வா போனை எடுத்தாள். "டார்கோ, எங்கேயும் போகாதே. தப்பு என்னோடது. நானே வந்து மேலிடத்துல சொல்றேன்."

கட்டைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"பானையில மிச்சம் இருக்காப்பா?"

"உனக்குத்தான் காய்ச்சல் இல்லையே."

"இல்லை," என்று கையை நீட்டினாள்.