எப்போதும் இப்படியே திற

போவாஃபோவின் நிச்சயதார்த்தப் படம் கறுப்புச் சட்டத்துக்குள் திறந்தது. மஞ்சள் கென்டே துணி போர்த்திக்கொண்டு பல் முழுக்கத் தெரியச் சிரிக்கும் வேன் டிரைவர். தலைக்கு மேலே, இளவயதுச் சாவுக்குப் போடும் சிவப்பு எழுத்துகள்: ‘ஐயோ, என்ன பேரிடி!’ காலடியில் ஒரு தேதி, வரும் வியாழன். அந்தத் தேதியை அச்சுக்கடைக்காரி செர்வா அடிக்கவில்லை.

அவசரமாக மூடப் போனாள். அதற்குள் போவாஃபோ அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டான்.

“என்னக்கா, கல்யாணத்துக்கு முன்னாடியே என்னைப் பொதைச்சுட்டியா?”

இருவரும் சிரித்தார்கள். தப்பு தன்னுடையது என்றுதான் செர்வா நினைத்தாள். குமாசி நகரத்தில் ஒரு அச்சுக்கடைக்கு வரும் பத்துப் படங்களில் ஒன்பது செத்தவர் படம்தான். சனிக்கிழமைச் சாவுச் சடங்குக்கு வியாழனுக்குள் சுவரொட்டி வேண்டும் என்று ஆள் மாற்றி ஆள் வந்து நிற்பார்கள். எங்கோ குளிர் நாட்டில் யாரோ கழித்துக் கட்டிய கம்ப்யூட்டரைப் போன மாதம் அவள் வாங்கி வந்தபோதும் அப்படியொரு வியாழன்தான். போட்டதும் அது வரிசையாகக் கேள்வி கேட்டது. எந்த மொழி, எந்த ஊர் நேரம், எந்தப் பிரின்டர், எத்தனை பிரதி. ஐம்பது என்றாள், எல்லாக் குடும்பமும் ஐம்பதுதான் ஒட்டும். படத்தை எதில் திறக்க என்றது. சுவரொட்டி செய்யும் மென்பொருளைக் காட்டினாள். இந்த ஒருமுறை மட்டுமா, எப்போதுமா? எப்போதும் என்பதில் குறியிட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். கல்யாணப் படமும் ஒருநாள் வரும் என்று யார் யோசித்தார்கள்?

வெள்ளிக்கிழமை போவாஃபோவின் அண்ணன் வந்தார். முந்தின நாள் வேன் பாலத்திலிருந்து கவிழ்ந்ததாம். கையிலிருந்த போனை நீட்டினார். அதே மஞ்சள் கென்டே, அதே சிரிப்பு.

அவர் போனதும் செர்வா செட்டிங்ஸைத் திறந்தாள். படங்களுக்கு வேறு மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு வாழைத்தார் படத்தைத் திறந்து பார்த்தாள். கறுப்புச் சட்டம். மறுபடி பட்டியலுக்குப் போனபோது அதில் ஒரே ஒரு பெயர்தான் மிச்சமிருந்தது.

சனிக்கிழமை அசியேடு வந்தான். அந்தத் தெருவின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவன்தான் வைத்தியன். ஒரு சாவுக்குப் போகும் வழி என்பதால் கறுப்பும் சிவப்புமாக உடுத்தியிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டு, கம்ப்யூட்டருக்கு வயிற்றில் பூச்சியா என்று கிண்டலடித்தான். டிஸ்க்கைத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றினான். மறுபடி அதே கேள்விகள் வந்தன. படம் பற்றிய கேள்வியில் ‘எப்போதும்’ என்பதில் குறி ஏற்கெனவே விழுந்து கிடந்தது. எடுக்கப் பார்த்தான். அசையவில்லை.

சும்மா பார்ப்போம் என்று தன் போனிலிருந்து தன் படத்தையே திறந்தான்.

கறுப்புச் சட்டம். திங்கட்கிழமை.

அசியேடு தேதியின் மேல் மவுஸ் அம்பைக் கொண்டுபோனான். எழுத்துகளுக்கு முன்னால் வந்ததும் அது நின்றது. பத்துத் தரம் கொண்டுபோனான். பத்துத் தரமும் நின்றது.

“அக்கா,” என்றான், குரலைத் தாழ்த்தி. “அந்த நாளைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியாதா?”

செர்வாவுக்கு அழுகை வந்தது. ஏதோ அவள்தான் அந்த நாளைக் குறித்தவள் போல அவன் கேட்டான். ‘எப்போதும்’ என்று முதலில் குறியிட்டவளும் அவள்தானே.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டின்போது அசியேடு நாற்காலியிலேயே சரிந்துவிட்டான் என்று பக்கத்துத் தையல்காரி வந்து சொன்னாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் செர்வா முதலில் செய்தது, போனில் இருந்த மகளின் படங்களையெல்லாம் அழித்ததுதான். பிறந்தநாள், தேவாலயம், பள்ளி விழா, பல் விழுந்த வாய். பதினோரு வயதுக் கொனாடுவின் முகம் இனி எந்தக் கருவியிலும் இருக்கக் கூடாது. சுவரில் மாட்டியிருந்ததையும் கழற்றி அடுப்பில் போட்டாள். கொனாடு இரண்டு நாள் பேசமாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வைத்துக்கொள்ளட்டும். உயிரோடு கோபித்துக்கொள்ளட்டும். மறுநாள் காலையில் பள்ளிப் பாவாடை ஓரம் பிரிந்திருப்பதைக் காட்டியபோது, நீல நூல் கிடைக்காமல் சிவப்பு நூலால் தைத்து அனுப்பினாள்.

செவ்வாய் பிற்பகல். வடக்கிலிருந்து வந்த புழுதிக் காற்று சூரியனை மூடியிருந்தது. மூன்று மணிக்கே கடைக்குள் பழுப்பு வெளிச்சம், நாக்கில் மண் ருசி. காலையிலிருந்து தெருவில் கரன்ட் இல்லை. கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி, அதை யார் தலையில் கட்டலாம், யார் தலையிலும் கட்டக் கூடாதே, உடைத்துப் புதைத்துவிடலாமா என்று யோசித்தபடி செர்வா பழைய சுவரொட்டிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, துணிக்கு அடியில் வெளிச்சம் வந்தது.

துணியை இழுத்தாள்.

கறுப்புச் சட்டம். உள்ளே படம் இல்லை. மேலே, ‘ஐயோ, என்ன பேரிடி!’

கீழே தேதி. இன்றைக்கு.

மூலையில் இருந்த பெரிய பிரின்டர் ஒருமுறை செருமியது. மையின் புளித்த வாடை எழுந்தது. தாள் நகர ஆரம்பித்தது.

முதலில் ஷூ தெரிந்தது. புழுதி படிந்த கறுப்பு ஷூ. பிறகு சாக்ஸ். இடது கால் சாக்ஸ் கீழே இறங்கியிருந்தது. பிறகு நீலப் பாவாடை.

ஓரத்தில் சிவப்பு நூல்.

இன்று காலை தைத்த நூல். இதை யாரும் படம் எடுக்கவில்லை. எடுத்திருக்கவே முடியாது.

செர்வா பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். பிரின்டர் ஓடியது. எல்லா ஒயரையும் அறுத்துப் போட்டாள். ஓடியது. தாளைப் பிடித்து இழுத்தாள். கிழியவில்லை. ஈர மை கையெல்லாம் அப்பியது. இடுப்பு வந்தது. கை வந்தது. கையில் தண்ணீர்ப் பாக்கெட், ஒரு மூலை கடித்துத் துப்பியது. பின்னால் ஒரு கதவு. தன் கடைக் கதவு.

“அம்மா.”

திரும்பினாள்.

வாசலில் கொனாடு நின்றாள். இமையெல்லாம் புழுதி. இடது சாக்ஸ் இறங்கியிருந்தது. கையிலிருந்த தண்ணீர்ப் பாக்கெட்டின் மூலையைக் கடித்துத் துப்பிவிட்டு, கோபத்தை மறந்து சிரித்தாள்.

“தெருவுல கரன்ட்டே இல்லியே, இது மட்டும் எப்படி ஓடுது?”

செர்வா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் முகம் பிரின்டர் பக்கம் திரும்பாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கடிகாரத்தில் மூன்றே கால். இன்றைக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. மகளின் நெஞ்சு தன் வயிற்றின் மேல் வேகமாக அடிப்பதை எண்ணிக்கொண்டே நின்றாள்.

பின்னால் முகம் அச்சாகி முடிந்தது. தாள் அறுபட்டுத் தரையில் விழுந்தது. படத்தில் கொனாடு சிரிக்கவில்லை. கண்கள் மூடியிருந்தன.

இரண்டாவது தாள் நகர ஆரம்பித்தது. ஐம்பது என்று அவள்தான் சொல்லியிருந்தாள்.