அம்மாவின் மூன்றாவது இன்டர்வியூ

சிதம்பரத்துப் பள்ளியில் சேர்ந்து இருபது நாட்கள் ஆகியும் சிந்துஜாவின் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

"ஏய், கடலூர்ப் பொண்ணு, கொஞ்சம் தள்ளு" என்பார்கள். அவ்வளவுதான் பேச்சு. மதியம் தனியாகச் சாப்பிடுவாள். டிபன் பாக்ஸை மெதுவாகக் கழுவுவாள். அப்போதுதான் மணி அடிக்கும்வரை நேரம் போகும்.

'தானே' புயலுக்குப் பிறகு, கடலூர் முதுநகரில் அம்மா வேலை பார்த்த டெலிபோன் பூத்தை முதலாளி மூடிவிட்டார். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. அம்மாவும் மகளும் சிதம்பரத்துக்கு வந்து ஓர் ஒற்றை அறையில் குடியேறினார்கள்.

அம்மா அமராவதி இரண்டு இன்டர்வியூவுக்குப் போய்வந்தாள். இரண்டு இடத்திலும் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

மூன்றாவது இன்டர்வியூ, ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பாளர் வேலைக்கு.

"இதுவும் கிடைக்கலன்னா நான் திருப்பூருக்குப் போவணும், சிந்து. உன்னத் திட்டக்குடி ஹாஸ்டல்லதான் விடணும்" என்றாள் அம்மா.

சிந்துஜா பள்ளிப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். இங்கே அம்மாவாவது இருக்கிறாள். அங்கே?

வியாழக்கிழமை சாயங்காலம் ஒத்திகை பார்த்தார்கள். சிந்துஜாதான் மேனேஜர். பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உங்களப் பத்திச் சொல்லுங்க."

அம்மா கேள்வி பதில் புத்தகத்தில் படித்ததை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாள். "நான் கடின உழைப்பாளி. நேரம் தவறாதவள். எந்தச் சூழலிலும் பொறுமையாக இருப்பேன்."

மூன்றாவது தடவை சிந்துஜாவுக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

"மேனேஜர் கொட்டாவி விடலாமாடி?"

"மேனேஜருக்குத் தூக்கம் வருதும்மா!"

அம்மா சிரிக்கவில்லை. முகம் வாடிவிட்டது.

சிந்துஜா யோசித்தாள். பள்ளியில் முதல் நாள் அவளையும் சேர்த்து நான்கு புதுப் பெண்களை டீச்சர் எழுந்து நின்று பேசச் சொன்னார். நான்கு பேரும் ஒரே மாதிரி பெயர் சொன்னார்கள், ஊர் சொன்னார்கள், நன்றாகப் படிப்பேன் என்றார்கள். மற்ற மூன்று பேரின் பெயர்? அவளுக்கே ஒன்றுகூட ஞாபகம் இல்லை!

"அம்மா, கடையில இந்தப் புத்தகம் நெறைய இருந்துச்சா?"

"அடுக்கி வெச்சிருந்தாங்க."

"அப்போ வர்றவுங்க எல்லாரும் இதையேதான் சொல்வாங்க." அவள் புத்தகத்தை மூடினாள். குரலைக் கனமாக்கிக்கொண்டாள். "பொறுமையா இருப்பேன்னீங்களே, எப்ப இருந்தீங்க?"

அம்மா மூடிய புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு தன் சொந்தக் குரலில் சொன்னாள்.

"புயலப்போ கரண்ட் இல்ல, செல்போன் வேல செய்யல. நம்ம பூத் லைன் மட்டும் இருந்துச்சு. சென்னையிலேருந்து, துபாயிலேருந்து போன் மேல போன். 'எங்க அம்மா இருக்காங்களா, பாத்துச் சொல்லுங்க'ன்னு அழுவாங்க. எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கிட்டு வீடு வீடாப் போய்ப் பாத்துட்டு வந்து பதில் சொன்னேன். நாலு நாள்ல நூத்திப் பத்து பேரு."

அந்த நாலு நாளும் சிந்துஜா பக்கத்து வீட்டில் இருந்தாள். அம்மா ஏன் தன்னை விட்டுவிட்டுப் போனாள் என்று அழுதிருக்கிறாள். அம்மா எங்கே போனாள் என்று இப்போதுதான் தெரிந்தது.

"இத ஏம்மா அங்கல்லாம் சொல்லல?"

"இதுக்கு சர்டிபிகேட் இல்லியேடி."

"நோட்டு இருக்கா?"

அம்மா பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்தாள். மழையில் ஊறி அப்பளம் மாதிரி உப்பியிருந்தது.

"இத எடுத்துக்கிட்டுப் போம்மா."

சனிக்கிழமை சிந்துஜாவும் கூடப் போனாள். வராந்தா பெஞ்சில் எட்டுப் பேர் பளபளக்கும் ஃபைல்களோடு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த அக்கா கண்ணை மூடி, "நான் கடின உழைப்பாளி, நேரம் தவறாதவள்" என்று முணுமுணுத்தார். சிந்துஜா அம்மாவின் கையை அழுத்தினாள்.

ஒவ்வொருவரும் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார்கள். கடைசியாக அம்மா போனாள். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. வராந்தாவில் சிந்துஜா மட்டும்தான் இருந்தாள். மின்விசிறி கிறீச்சிட்டது. திட்டக்குடி எவ்வளவு தூரம் என்று அவள் மனம் கணக்குப் போட்டது.

திடீரென்று உள்ளே யாரோ உரக்கச் சிரித்தார்கள்.

கதவு திறந்தது. நோட்டைக் கையில் வைத்தபடி ஒரு டாக்டரம்மா வெளியே வந்தார். பின்னால் அம்மா.

"'தங்கம்மாள் வீடு. கூரை போச்சு. ஆள் பத்திரம். ஆடும் பத்திரம்.' ஆட்டையுமா போய்ப் பாத்தீங்க?"

"அவுங்க பையன் அதையுந்தான் கேட்டாரு, மேடம்" என்றாள் அம்மா.

டாக்டரம்மா மறுபடி சிரித்தார். "திங்கக்கிழமையே வந்துடுங்க."

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். சிந்துஜாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் பூட்டிய வீடு நினைவுக்கு வந்தது. இனி பள்ளி விட்டு வந்தால் கதவைத் திறக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளி வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

வரவேற்பு மேசைக்குப் பின்னால் அம்மா உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் கண்களை அகல விரித்தாள். பிறகு மற்றவர்களிடம் கேட்பதுபோலவே கேட்டாள்.

"வாங்க. யாரப் பாக்கணும்?"

"எங்க அம்மாவ."

"அவுங்க ஆறு மணிக்குத்தான் வருவாங்க. பேரு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"சிந்துஜா" என்று அவள் சத்தமாகச் சொன்னாள். அங்கே உட்கார்ந்திருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.