குழாயில் திரிந்த வெள்ளை

மருந்து இறங்கும் குழாயில் வெள்ளையாக ஒரு நூல் மிதந்தது. ஜன்னல் வெளிச்சம் பட்டு மினுங்குகிறதோ என்றுதான் நர்ஸ் முதலில் நினைத்தாள்.

கட்டிலில் கிடந்தவன் அவள் கணவன். கால் எலும்பில் சீழ் பிடித்திருந்தது. பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் ஊரார் புண்ணைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்து, சாயங்காலம் இவனுக்கு நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றுவாள். அது முடிந்ததும் குழாயில் சலைன் விட்டு அலசி, பிறகுதான் அசிடிட்டி ஊசி. இரண்டு மருந்தும் குழாய்க்குள் சந்தித்தால் திரிந்துவிடும். திரிந்தது ரத்தத்தில் கலந்தால் ஆளையே கொண்டுபோய்விடும். ஆனால் அந்தச் சலைன் இறங்கும் நேரத்தைக்கூட இவனால் பொறுக்க முடியாது.

"நெஞ்சு எரியுதுன்னு கத்துறேன், தண்ணி விட்டு வெளையாடுறியா? போடுடி ஊசிய!"

"கொஞ்சம் இருங்க. அலசிட்டுத்தான் போடணும்."

"எனக்கே பாடம் நடத்துறியா? நன்றி கெட்ட நாயே!"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இன்று ஆத்திரம் அவளுக்கு. செத்துத் தொலை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே, அலசாமல் ஊசியை ஏற்றியிருந்தாள்.

நூல் இப்போது கயிறாகத் தடித்தது. பதறிப்போய், மருந்தை நிறுத்தும் குழாயின் உருளையை இறுக்கினாள். சொட்டு நின்றது. மருந்து நெடியும் வியர்வை வாடையும் அடைந்த அந்த அறையில், மின்விசிறியின் கிறீச்சும் தெருவின் ஹாரன் சத்தமும் ஒவ்வொன்றாக அடங்கிப்போக, திரிந்தது மட்டும் இறுக்கிய இடத்தைத் தாண்டி மெல்ல ஊர்ந்து இறங்கியது.

குழாயைப் பிடுங்கினாள். காலி.

அவன் தோலுக்கடியில் வெள்ளைக் கோடு ஏறியது. முழங்கை. தோள். கழுத்து.

"ஏங்க! என்னைப் பாருங்க!"

அவன் அவள் மணிக்கட்டைப் பற்றினான். இத்தனை நாள் பிழைக்க வைத்த கையாலேயே கொன்றுவிட்டேனே என்று நினைத்தாள். மறுகையால் கழுத்தைத் தொட்டாள். நாடி இல்லை. மூக்கருகே விரலைக் கொண்டுபோனாள். மூச்சு இல்லை.

பிடி மட்டும் இறுகியது.

கண்கள் முழுவதும் வெளுத்திருந்தன. உதடுகள் ஒட்டிக் கிடந்தன. அசையவில்லை.

அந்த மூடிய வாய்க்குள்ளிருந்து அவன் குரல் வந்தது.

"இன்னொன்னு போடுடி."