பின் இருக்கையில் இடது பக்கம்

காலியாக நின்ற வண்டி இடது பக்கம் சாய்ந்திருந்தது. மலைமேல் கரடியூரில், வண்டியை விற்கிற கண்ணம்மாள் வீட்டு முன்னால் இருந்தது காப்பிக்கொட்டை காயப்போடுகிற சிமென்ட் களம். தண்ணீரைக் கொட்டினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று அது யோசிக்கும், அவ்வளவு மட்டம். அதன் நடுவில் அந்த வெள்ளை வாடகைக் கார், கனத்த ஆள் ஒருவர் பின்னால் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டது போல, இடது மூலை மட்டும் அமுங்கி நின்றது. வாங்க வந்த விஜயகுமார் டயரை உதைத்துப் பார்த்தான். காற்று கல்லாக இருந்தது. கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தான். யாரும் இல்லை.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இது தானமில்லை, ஆனால் கிட்டத்தட்ட தானம் மாதிரியான விலை. விலை குறைகிறபோதே மனிதனுக்குச் சந்தேகம் வர வேண்டும். அவனுக்கும் வந்தது. ஆனால் வீட்டில் அவன் மனைவி சுதாராணி இருந்தாள். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. டயாலிசிஸுக்கு சேலம் இறங்க வேண்டும். போன தடவை மூச்சுத் திணறியபோது வாடகை வண்டி வந்து சேர்வதற்குள் அவள் உதடு நீலம் பாரித்ததை, கையைப் பிசைந்துகொண்டு அவன் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டு வாசலில் ஒரு வண்டி நிற்காவிட்டால் அடுத்த தடவை அவள் இருக்க மாட்டாள்.

போனில் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்தான். வருஷா வருஷம் சோதனைக்குப் போய் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுத்திருந்தது. ஒரு சோதனையிலும் வண்டி தேறாமல் திரும்பி வரவில்லை. ஆனாலும் மனசு ஆறாமல், எஃப்.சி.க்கு முன்னால் வண்டியைத் தயார் செய்துவந்த ஒண்டிக்கடை முக்குப் பட்டறை மெக்கானிக் லாசரைக் கூப்பிட்டான்.

"பிரேக்கு, இஞ்சினு எல்லாம் தங்கமுங்க தம்பி. பிரேக்குல கால வெச்சா கல்லாட்ட நிக்கும்."

"பின்னாடி சாஞ்சு நிக்குதுங்களே அண்ணா?"

லாசர் பட்டறையில் தகரம் தட்டுகிறவனை நிறுத்தச் சொன்னார்.

"ஒவ்வொரு எஃப்.சி.க்கும் புது ஸ்பிரிங் போடுவனுங்க. கீழ சேலத்துல, சோதனையில நிமிந்துதான் நிக்கும். காலி வண்டியாத்தான் மலையேறும். இங்க வந்து சேர்றதுக்குள்ள மறுபடி சாஞ்சுரும். அந்தம்மா ஊட்டுக்காரரு உசுரோட இருந்தவரைக்கும் இதே கதைதான். ஏனுங்க, எறங்கச் சொல்லிட்டாங்களா?"

மலை டிரைவர்களின் வழக்கம் அது. வண்டி கைமாறும்போது பழைய சொந்தக்காரர் எல்லாக் கதவையும் திறந்துவைத்து, 'சவாரி முடிஞ்சுது, உள்ள இருக்கறவங்க எறங்கிக்குங்க' என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். அப்புறம்தான் சாவி. சேலத்திலிருந்து மலைக்குப் பிழைக்க வந்த விஜயகுமார், ஏரிக்கரை லாட்ஜில் வேலை செய்யும்போது இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்திருக்கிறான்.

"அந்தம்மா சொல்லாட்டி வாங்குன நீங்க சொல்லிருங்க. ஆனா காலி வண்டியில சொல்லோணும். உள்ள ஆளு இருக்கறப்ப சொல்லவே படாதுங்க தம்பி."

அப்படிச் சொல்லும்படி அவன் கேட்டதும் கண்ணம்மாள் களத்து ஓரத்திலேயே நின்றுகொண்டாள். வந்ததிலிருந்து அவள் வண்டிக்குப் பக்கத்தில் வரவே இல்லை.

"எனக்கு வாய் வரலீங்க சாமி. உள்ள இருக்கறது அவரா இருந்துட்டா?"

அவன் போன் அடித்தது. பக்கத்து வீட்டு ரூபி. "சுதாவுக்கு நொம்ப மூச்சு வாங்குது. சீக்கிரம் வாங்க!"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு கிளம்பினான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், வெயில் வந்த பிறகு.

பொழுது இறங்கும் முன்பே மூடுபனி இறங்கிவிட்டது. சுதாராணியை அவனும் ரூபியும் தூக்கிவந்து பின் இருக்கையில், அவனுக்கு நேர் பின்னால், வலது பக்கமாகச் சாய்த்து உட்கார வைத்தார்கள். மேலே பச்சை சால்வையைப் போர்த்தினார்கள். அவள் மூச்சு, ஓட்டை விழுந்த துருத்தி மாதிரி இழுத்து இழுத்து வந்தது. அந்தச் சத்தம் கேட்கிறவரை அவள் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அதையே பிடிமானமாக வைத்து மலைப்பாதையில் இறங்கினான். ரோட்டோர சில்வர் ஓக் மரங்களிலிருந்து கூரைமேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. ஈரக் கம்பளியும் பழைய பன்னீரும் கலந்த ஒரு வாசனை ஹீட்டர் காற்றோடு வந்தது. வலது பக்கம் ஒரு ஆள் இருந்தும் வண்டி இடது பக்கமே சாய்ந்து இறங்கியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பின்னால் இடது மூலையில் ஸ்பிரிங் முனகியது. உட்கார்ந்திருக்கிறவர் திரும்பி உட்காருகிறபோது வரும் முனகல் அது.

கண்ணாடியில் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தான். பார்த்தான். சுதாவின் தலை, கண் மூடிய முகம், பக்கத்தில் காலி இருக்கை. அந்த ரெக்சின் உறை நடுவில் குழிந்திருந்தது.

"ஏனுங்க..." என்றாள் சுதாராணி, கண்ணைத் திறக்காமல்.

"இதோ வந்துட்டோம் கண்ணு. கொஞ்ச தூரந்தான்."

"இவிங்கள நவுந்து உக்காரச் சொல்லுங்க. மேல சாயறாங்க. மூச்சு முட்டுது."

பின்னால் மூச்சு இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. தன் பெண்டாட்டியை ஏதோ ஒன்று நசுக்கிக்கொண்டிருக்கிறது, தான் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. வளைவில் ஓரம்கட்டினான். இறங்கினான். பின்கதவு இரண்டையும் இழுத்துத் திறந்தான். பனி உள்ளே புகுந்தது.

"சவாரி முடிஞ்சுது!" என்று கத்தினான். "உள்ள இருக்கறவங்க எறங்கிக்குங்க! அய்யா, அம்மா, யாரா இருந்தாலுஞ் சரி. உங்க காலுல விழறேன். எறங்கிக்குங்க!"

ஸ்பிரிங் முனகியது. வண்டி லேசாக ஆடியது. சரளைக் கல்லில் ஒரு காலடி. இன்னொன்று.

அவன் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். காலடி பனிக்குள் ஓய்ந்ததும், கண்ணைத் திறக்காமலே கதவுகளைத் தடவித் தடவிச் சாத்தினான். ஓடிப்போய் உட்கார்ந்து வண்டியை எடுத்தான். அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது.

"சுதா? எப்படி இருக்குது கண்ணு?"

"இப்ப மூச்சு வாங்கலைங்க."

ஆமாம். இழுக்கிற சத்தமே இல்லை. மாரியாத்தா, என்று வாய்விட்டுச் சொன்னான். அடுத்த வளைவு வரைக்கும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தான்.

அப்புறம்தான் கவனித்தான். வண்டி இன்னும் இடது பக்கம் சாய்ந்தே இருந்தது.

கண்ணாடியைப் பார்த்தான். அவனுக்கு நேர் பின்னால் யாரும் இல்லை. பச்சை சால்வை இடது மூலையில் இருந்தது. தலைவரை போர்த்தி, நிமிர்ந்து, அசையாமல்.

காலி வண்டியில சொல்லோணும்.

அந்தச் சத்தம் கேட்டது. இழுத்து, இழுத்து. ஓட்டைத் துருத்தி. உள்ளே இல்லை. வெளியே. பின்னால், ரோட்டில்.

பிரேக்கை மிதித்தான். சிவப்பு வெளிச்சம் பனியில் பரவியது. அதில் சுதாராணி. வெறுங்காலோடு, ஒரு கை நெஞ்சில், மறு கை பஸ்ஸை நிறுத்துவது போல நீட்டியபடி, தள்ளாடித் தள்ளாடி வந்துகொண்டிருந்தாள். உதடு நீலம்.

"அது யாருங்க?" என்றது பின்னால் இருந்த குரல், சுதாவின் குரலில், அவன் காதுக்குப் பக்கத்தில். "நிக்காதீங்க. போலாம்."

அவன் கால் பிரேக்கை அடிவரை அழுத்தியிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதன் வெளிச்சத்தில் அவள் சிறிதாகிக்கொண்டே போனாள். வண்டி நிற்கவில்லை.